ஓசூர் வீட்டு நிழலில் கிளைவியா: தொட்டியில் வளர்ப்பது எப்படி?

எங்கள் வீட்டு வடக்கு வாசலில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அங்கே வைத்த ரோஜா நான்கும் குச்சியாகிப் போயின. அதே மூலையில் இப்போது கிளைவியா நிற்கிறது. வார் போல நீண்ட கரும்பச்சை இலைகள், நடுவில் ஒரு தண்டு, அதன் தலையில் கொத்தாக ஆரஞ்சுப் பூக்கள். பூக்கிற வரைக்கும், "சோளப் பயிரை எதுக்குடா தொட்டியில வெச்சிருக்க?" என்றுதான் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

தென்னாப்பிரிக்காவில் காட்டு மரங்களுக்கு அடியில், மக்கிய சருகில் வளரும் செடி இது. பெயர் மட்டும் நமக்குத் தெரிந்த குடும்பத்துடையது. ஆற்காட்டைப் பிடித்த ராபர்ட் கிளைவின் பேத்தி சார்லட்டைக் கௌரவிக்க 1828-ல் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி வைத்தது. சார்லட்டின் அப்பா எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். அது கிடக்கட்டும்.

இடம்

மாமரத்தடி, வடக்குத் தாழ்வாரம், நிழல்வலைக்கு அடி, எதுவும் சரி. காலை இளவெயில் கொஞ்சம் பட்டால் தப்பில்லை. உச்சிவெயில் பட்டால் இலையில் வெளுத்த திட்டு விழுந்து காகிதமாகக் காய்ந்துவிடும்; அந்த இடம் மறுபடி பச்சையாகாது.

தொட்டியும் கலவையும்

இதற்கு வெங்காயம் போன்ற கிழங்கு கிடையாது. விரல் தடிமனில் வெள்ளை வேர்கள், அவற்றில்தான் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் தொட்டி இறுக்கமாக இருக்கட்டும், சின்னச் செடிக்கு 6 அங்குலம், வளர்ந்ததற்கு 8. செல்லம் கொடுப்பதாக நினைத்து என் முதல் செடியை 14 அங்குலத் தொட்டியில் வைத்தேன். வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்தது. இரண்டாம் மாதம் இலையை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பாகக் கூழும் நாற்றமும்தான்.

இப்போது நான் போடுவது: தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, இலைமக்கு 1 பங்கு, சிறு ஜல்லி 1 பங்கு (நம் மாவட்டத்தில் கல்லுக்கா பஞ்சம்?), கைப்பிடி கரித்துண்டு. மட்டையை மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். வெறும் செம்மண் வேண்டாம், இறுகிவிடும். இலைகள் சேரும் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

தண்ணீர்

விரலை இரண்டு கணு விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். குருத்தில் தேங்கக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும், இலை நுனி கருகும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது.

மார்கழி ஓய்வு

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கார்த்திகைப் பாதியில் உரத்தை நிறுத்துங்கள். தண்ணீர் மூன்று வாரத்துக்கு ஒரு டம்ளர் போதும். ஆறு முதல் எட்டு வாரம் இரவுக் குளிர் 10–13 டிகிரி கிடைத்தால் மொட்டு கட்டும். ஓசூரில் எல்லா இரவும் அவ்வளவு குளிராது, ஆனாலும் செடியை ராத்திரி திறந்தவெளியில் விட்டால் எனக்குப் பூக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்குக் கவலையே இல்லை. தர்மபுரி, ஊத்தங்கரைப் பக்கம் பூவை நம்பி வாங்காதீர்கள், இலையழகுக்கு வாங்கலாம்.

இலை இடுக்கில் மொட்டு தெரிந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தண்டு ஒரு சாண் உயரட்டும். குளிர் பற்றாமலோ, தண்ணீருக்கு அவசரப்பட்டோ விட்டால் தண்டு உள்ளேயே நின்று, இலைகளுக்கு நடுவில் நசுங்கிப் பூக்கும்.

மற்றவை

இலை மடிப்பில் மாவுப்பூச்சி வரும்; வேப்பெண்ணெய், சோப்புக் கரைசலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். செடியில் லைகோரின் என்ற நச்சு உண்டு. தவழும் குழந்தையோ ஆடோ உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நான்கைந்து இலை விட்ட பக்கக்கன்றை வேரோடு பிரித்து, வெட்டுக்காயம் காய்ந்தபின் நடலாம். விதை என்றால் பழம் சிவக்கவே ஒன்பது மாதம் ஆகும், அதன் பிறகு பூவுக்கு மூன்று முதல் ஐந்து வருஷம். என் ஜன்னலோரம் ஏழு நாற்று இருக்கிறது, ஆளுக்கு இரண்டு இலை.