தொண்ணூறாம் நாளுக்குப் பிறகு கதவு கிடையாது

போன மாதம் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து நான்கு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். பக்கத்து அனல்மின் நிலையத்தின் விரிவாக்கத்தை எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்றார்கள். கையில் தடித்த கோப்பு. கருத்துக் கேட்புக் கூட்டத்தின் ஒளிப்பதிவு, ஆட்சியரிடம் கொடுத்த மனுக்கள், கிராம சபைத் தீர்மானம், சாம்பல் படிந்த வயல்களின் படங்கள் எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருந்தது. அவ்வளவு நேர்த்தியான கோப்பை நான் அண்மையில் பார்த்ததில்லை. சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தின் தேதியைப் பார்த்து நாட்களை எண்ணினேன். 111 நாள் ஆகியிருந்தது.

தீர்ப்பாயம் தொடங்கிய புதிதில் இதே தவறை நானும் செய்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். வக்காலத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போவது, பக்க எண் மாறிப்போவது போன்றவற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை. பதிவகமே அவற்றைத் திருப்பி அனுப்பித் திருத்த வைத்துவிடும். திருத்த முடியாத தவறுகள்தான் நம்மை அழிக்கின்றன.

மனு கொடுத்தாயிற்று என்று காத்திருப்பது

2010-ஆம் ஆண்டு தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். போதுமான காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். அதோடு முடிந்தது. 91-ஆம் நாள் நீங்கள் எவ்வளவு அழுதாலும், உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும், அந்தத் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் கிடையாது.

என் முதல் வழக்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சாம்பல் குளத்தைப் பெரிதாக்க அனுமதி வந்துவிட்டது என்று ஊரில் பேச்சு அடிபட்டது. உடனே நாங்கள் செய்தது என்ன? அனுமதிக் கடிதத்தின் நகல் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டோம். அதற்குப் பதில் தர அலுவலகத்துக்கு உள்ள அவகாசம் 30 நாள். மேல்முறையீட்டுக்கு உள்ள அவகாசமும் 30 நாள். இந்த இரண்டும் ஒரே அளவு என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. பதில் வராததால் அதே தகவல் உரிமைச் சட்டத்தில் முதல் மேல்முறையீடு போட்டோம். நடுவில் திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மனு. ஒவ்வொரு முறையும் ஒப்புகைச் சீட்டு வாங்கிப் பத்திரமாக வைத்தோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு கடிதம் வந்ததும் ஊரே மகிழ்ந்தது. கடைசியில் வழக்குப் போட்டபோது, அனுமதி இணையத்தில் ஏறிய நாளிலிருந்து 104 நாள் கடந்திருந்தது. காலவரம்பு என்ற ஒரே காரணத்தில் எங்கள் மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. சாம்பலைப் பற்றி ஒரு வார்த்தைகூட அன்று பேசப்படவில்லை. அந்த ஊரின் வயதான மீனவர் ஒருவர் வெளியே வந்து, ‘தம்பி, நம்ம கேசை இன்னும் கூப்பிடலையா?’ என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நிலுவையில் இருக்கும் எந்த மனுவும் கடிகாரத்தை நிறுத்தாது. ஆட்சியரிடம் கொடுத்த மனுவும் சரி, முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு அனுப்பியதும் சரி, தகவல் உரிமை விண்ணப்பமும் சரி, அமைச்சர் கொடுத்த வாய்மொழி உறுதியும் சரி. இதைச் சொன்னால் பலர் என்னிடம் கோபித்துக்கொள்கிறார்கள். ‘அதிகாரியிடம் முறையிடாமல் நேராகக் கோர்ட்டுக்குப் போனால் தப்பாக நினைக்க மாட்டார்களா?’ என்று கேட்கிறார்கள். அனுமதி விஷயத்தில் மாட்டார்கள். சட்டமே நேராக வரச் சொல்கிறது. மனுவும் கொடுங்கள், அதே வாரத்தில் வக்கீலையும் பாருங்கள்.

இனி, எந்த நாளிலிருந்து எண்ணுவது? ‘எங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து’ என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். உத்தரவு ‘தெரிவிக்கப்பட்ட’ நாள் என்பது சட்டத்தின் சொல். சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை இணையத்தில் ஏற்ற வேண்டும். நிறுவனம் உள்ளூரில் வெளிவரும் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் 30 நாள் ஒட்டி வைக்க வேண்டும். இவற்றில் எது முதலில் முறையாக நடந்ததோ அன்றிலிருந்தே நாள் ஓடத் தொடங்கும் என்று ‘சேவ் மோன் ரீஜியன் ஃபெடரேஷன்’ வழக்கில் 2013-இல் தீர்ப்பாயம் சொன்னது. அருணாசலப் பிரதேசத்தின் நியாம்ஜங் சூ ஆற்று மின்திட்டத்தைப் பற்றிய வழக்கு அது. காலத்துக்குள் வந்ததாக ஏற்கப்பட்டதால்தான் அங்கே குளிர்காலத்துக்கு வரும் கருங்கழுத்துக் கொக்கைப் பற்றிப் பேச முடிந்தது. 2016-இல் அந்த அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆகவே கருத்துக் கேட்புக் கூட்டம் முடிந்த அன்றே ஊரில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அனுமதிகள் வெளியாகும் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் பக்கத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை அவர் பார்க்க வேண்டும். திட்டத்தை மதிப்பிடும் நிபுணர் குழுக் கூட்டத்தின் குறிப்பில் திட்டம் பரிந்துரைக்கப்பட்டிருந்தால், அன்றே மேல்முறையீட்டின் வரைவைத் தொடங்கிவிடலாம். கடிதம் வந்ததும் தேதியை மட்டும் நிரப்பினால் போதும். அந்த 60 நாளை உங்கள் உரிமையாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் கேட்பார்கள்.

‘உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமே?’ என்று அந்த நால்வரும் கேட்டார்கள். அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்துக்குத் தரும் அதிகாரம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் அங்கே முதல் கேள்வியே ‘தீர்ப்பாயத்துக்கு ஏன் போகவில்லை?’ என்பதுதான். அதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

அனுமதியை எதிர்க்காமல், நடந்துகொண்டிருக்கும் மாசை எதிர்த்துப் போவோருக்கும் ஒரு சொல். தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் ஆறு மாதம்தான், அதுவும் பிரச்சினை ‘முதன்முதலில்’ எழுந்த நாளிலிருந்து. இழப்பீடும் சீரமைப்பும் கேட்கும் 15-ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு இருக்கிறது. பத்து வருடமாகப் புகை வருகிறது என்று முதல் பத்தியில் எழுதிவிட்டு 14-ஐ மட்டும் காட்டாதீர்கள்.

பாட்டிலில் பிடித்த தண்ணீர்

கழிவுநீரைக் குடிநீர் பாட்டிலில் பிடித்து, ஆய்வகத்தில் கொடுத்து, அறிக்கையோடு வருகிறார்கள். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆவது பிரிவைப் படியுங்கள். ஆலைக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருதரப்பும் கையெழுத்திட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் எடுத்ததற்குத்தான் அந்தச் சட்டத்தின்கீழ் சாட்சிய மதிப்பு. தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதால் உங்கள் அறிக்கை வீண் என்று சொல்லவில்லை. கூட்டுக் குழு அமைத்து ஆய்வு செய்யுங்கள் என்று கேட்க அது போதும், ஆலையைக் குற்றவாளி என்று நிறுவ அது போதாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, மாதிரி எடுக்கும்போது கூட நில்லுங்கள்.

தவறான வாசல்

தூத்துக்குடி தாமிர ஆலை வழக்கு அனைவருக்கும் பாடம். ஆலையைத் திறக்கலாம் என்று 2018 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியபோது, மாசு இருக்கிறதா இல்லையா என்பதற்குள் போகவே இல்லை. அந்த மேல்முறையீடு தீர்ப்பாயத்தில் நிற்காது என்பதுதான் காரணம். அதன்பின் உயர் நீதிமன்றம் 2020-இல் மூடலை உறுதி செய்தது. 2024-இல் உச்ச நீதிமன்றமும் அதையே ஏற்றது. அங்கே வாசல் தவறியது ஆலைத் தரப்புக்கு. நமக்கும் தவறலாம். ஆலை அமைக்கவும் இயக்கவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையை எதிர்க்க முதலில் போக வேண்டிய இடம் மேல்முறையீட்டு ஆணையம். அதன் முடிவை எதிர்த்துத்தான் தீர்ப்பாயம். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலிலேயே இல்லை.

கூட்டத்தில் கத்திவிட்டு வருவது

கோபம் நியாயமானதுதான். ஆனால் கூட்டக் குறிப்பில் அது ‘சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்’ என்று ஒரே வரியாகச் சுருங்கிவிடும். ஆட்சேபத்தை எழுதி, ஒப்புகை முத்திரை வாங்குங்கள். எந்தப் பக்கத்தில் எந்தத் தரவு பொய் என்று குறிப்பிடுங்கள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கும், சுருக்கம் மட்டுமே தமிழில் கிடைக்கும். பொய் பெரும்பாலும் சுருக்கத்தில் இருக்காது.

சத்தீஸ்கரின் ராய்கர் மாவட்டத்தில் காரே நிலக்கரிச் சுரங்கத்துக்கான அனுமதியை 2012-இல் தீர்ப்பாயம் ரத்து செய்தது. காரணம், 2008-இல் நடந்த கருத்துக் கேட்பு கேலிக்கூத்தாக இருந்ததுதான். கென்யாவில் லாமு நிலக்கரி மின்நிலையத்தின் உரிமம் 2019-இல் ரத்தானதற்கும் மக்களை முறையாகக் கலந்துபேசாததே முதன்மைக் காரணம். பெரிய நிலக்கரித் திட்டங்கள் இப்படிப்பட்ட நடைமுறைக் குறைகளில்தான் சறுக்கியிருக்கின்றன.

பூமி முழுவதையும் மனுவில் ஏற்றுவது

புதிதாக வருவோரின் மனுவில் முதல் இருபது பக்கம் பருவநிலை மாற்றம். காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2024-இல் ரஞ்சித்சிங் வழக்கில் ஏற்றது உண்மை. ஆனால் அதே தீர்ப்பில்தான், கானமயிலைக் காக்க மின்கம்பிகள் மீது போட்டிருந்த பழைய கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். நெதர்லாந்தில் ஷெல் நிறுவனம் உமிழ்வை 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்ற 2021 தீர்ப்பு 2024-இல் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. அந்த வாதத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. முதலில் உங்கள் ஓடை, உங்கள் கிணறு, அறிக்கையில் மறைக்கப்பட்ட உங்கள் ஊர். பிறகு காலநிலை.

ஒரே மனுதாரர்

மூன்று பேராவது வேண்டும். ஒருவரை மிரட்டுவது எளிது.

வழக்கு நடக்கிறதே என்று போராட்டத்தை நிறுத்துவது

நிறுத்தாதீர்கள்.

தீர்ப்பு வந்ததும் வீட்டுக்குப் போவது

தீர்ப்பாய உத்தரவை உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றக் கேட்கலாம், 25-ஆவது பிரிவு அதற்குத்தான். அனுமதி பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை, அனுமதியின் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி அறிக்கை தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, அறிக்கையில் இருக்கும் மரங்கள் ஊரில் இருக்கின்றனவா என்று போய்ப் பாருங்கள்.

அந்த நால்வரிடம் கோப்பைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுபடி பிரித்துப் பார்த்தோம். விரிவாக்கத்துக்கான வாரிய இசைவாணை இன்னும் வரவில்லை. அது வந்தால் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போக 30 நாள் இருக்கிறது. வரைவை அன்று மாலையே தொடங்கினோம். அவர்களில் இளையவரான கல்லூரிப் பெண், இப்போது தினமும் காலையில் வாரியத்தின் இணையதளத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி அனுப்புகிறார். இன்றும் வந்தது: ‘அண்ணா, இன்னும் வரலை.’