மேடைக்காகத் தோலைப் பழையதாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரப்பர் தோட்ட வாழ்வைச் சொல்லும் ஒரு மேடை நாடகத்தில், விடியற்காலையில் வேலையாட்களின் வருகையைப் பதியும் பெரட்டுக் களத்தில் நிற்கும் கிராணியாரின் (தோட்டக் கணக்கரின்) தோளில் நேற்றுத்தான் கடையிலிருந்து வாங்கிய பளபளப்பான தோல்பை தொங்கினால், அந்தக் காட்சி அப்போதே பொய்த்துவிடுகிறது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நம் நாடகங்களைப் பார்க்க வருபவர்களில் பலர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் வளர்ந்தவர்கள் அல்லது அவர்களுடைய பிள்ளைகள். வருகைப் பதிவேடான செக்ரோல் புத்தகம் இருந்த பை எப்படி இருக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே தோலைப் பழையதாக்கும் வேலையை ஒப்பனைக்கு நிகரான கவனத்துடன் செய்ய வேண்டும். பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவரும் எனக்குத் தெரிந்தவரை, தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன: இந்தப் பொருளை யார், எந்தக் கையால், எத்தனை ஆண்டுகள் பயன்படுத்தினார் என்று கேட்டுக்கொள்ளாமலேயே உப்புத்தாளைக் கையில் எடுத்துவிடுகிறோம்.

அதற்கும் முன்னால், கையில் இருப்பது உண்மையிலேயே தோல்தானா என்று பார்க்க வேண்டும். ஜார்ஜ் டவுனில் உள்ள லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையின் பெயரிலேயே தோல் இருக்கிறது (மலாயில் ‘கூலிட்’ என்றால் தோல்) என்றாலும், அங்கே குவிந்து கிடக்கும் பைகளிலும் இடைவார்களிலும் பல, துணியின் மேல் பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல்தான். அலமாரியில் வைத்திருந்த சப்பாத்தின் அடிப்பாகம் ஒருநாள் தானாகவே பொடிந்து உதிர்வதை நம் வீடுகளில் கண்டிருப்போம்; காற்றிலுள்ள ஈரம் பாலியூரித்தேனைச் சிதைப்பதால் நேர்வது அது. செயற்கைத் தோலைத் தேய்த்தால் உள்ளிருக்கும் வெள்ளைத் துணி வெளியே தெரியும், அதன்பின் எந்தச் சாயமும் அதைக் காப்பாற்றாது. காட்சிக்குத் தோல் தேவையா என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்வது நல்லது. பிரிட்டிஷ் படையின் 1937ஆம் ஆண்டு வடிவமைப்பில் வந்த இடைவார்களும் பைகளும் தடித்த பருத்தி நாடாவால் ஆனவை; போர்க்கால நாடகங்களில் சாதாரணப் படைவீரனுக்கும் தோல்வார் கட்டிவிடுவது அடிக்கடி காணும் பிழை.

உண்மைத் தோலிலும் இரண்டு வகைகள் உண்டு. மரப்பட்டை, இலை முதலியவற்றின் துவர்ப்பொருளால் பதனிட்டது ஒன்று; நம் முன்னோர் ஊரில் ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்டது இந்த வகையே. குரோமிய உப்பால் பதனிட்டது மற்றொன்று. முதல் வகை நீரை உறிஞ்சும், வெயிலில் கறுக்கும், மடித்தால் மடிந்த தடத்தைக் காட்டும். இரண்டாவது வகை இவற்றுக்கெல்லாம் எளிதில் இணங்காது. வேறுபாடறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. எண்ணெய் போகக் கழுவிய இரும்புப் பஞ்சைச் சமையல் வினிகரில் சில நாட்கள் ஊறவைத்து, அந்த நீரில் ஒரு சொட்டைப் பூச்சில்லாத உட்புற ஓரத்தில் விட்டால், துவர்ப்பொருளால் பதனிட்ட தோல் சில நிமிடங்களில் கறுத்துவிடும். ஊறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறுவதால் புட்டியை இறுக மூடக்கூடாது. இதே நீரைச் சாயமாகவும் பயன்படுத்தலாம், ஆனால் பூசியபின் சோடா உப்புக் கரைசலால் துடைத்து அமிலத்தைத் தணிக்காமல் விட்டால் தோல் நாளடைவில் நொறுங்கும்.

இனி, மிகப் பெரிய தவறுக்கு வருகிறேன். உப்புத்தாளை எடுத்து மேலிருந்து கீழாக எல்லா இடத்தையும் ஒரே அளவில் தேய்ப்பதுதான் அது. இப்படித் தேய்த்த பை பழையதாகத் தெரியாது. தேய்க்கப்பட்ட புதிய பையாகவே தெரியும். கிராணியார் பையை இடத்தோளில் மாட்டி வலக்கையால் திறப்பவர் என்று வைத்துக்கொள்வோம். மூடியின் கீழ்விளிம்பில், நடுவிலிருந்து சற்று வலப்பக்கமாக, அவருடைய பெருவிரல் தினந்தோறும் பட்ட இடம் வியர்வையும் எண்ணெயும் ஏறிக் கறுத்து மெருகேறியிருக்கும். இடுப்பில் உரசும் பின்பக்கம் வழவழப்பாக இருக்கும். தரையில் வைக்கும்போது முதலில் படும் கீழ்மூலைகள் இரண்டும் நிறமிழந்து நார் தெரியும். மூடி மடியும் கோட்டில் மட்டுமே வெடிப்புகள் இருக்கும், அவையும் அந்தக் கோட்டுக்கு இணையாகவே ஓடும். வாரில் ஐந்து துளைகள் இருந்தால், அவர் எப்போதும் பயன்படுத்திய மூன்றாவது துளை மட்டும் நீள்வட்டமாக இழுபட்டிருக்கும், அதன் குறுக்கே கொக்கி அழுத்திய தழும்பு பதிந்திருக்கும், மற்ற நான்கும் வட்டமாகவே இருக்கும். மூடிக்கு அடியில் வெயில் படாத பகுதி, தோலின் தொடக்க நிறத்தை வெளிப்புறத்தைவிட நன்றாகக் காப்பாற்றி வைத்திருக்கும். இந்த வரைபடத்தை முதலில் தாளில் குறித்துக்கொண்டு, பிறகு 220 அல்லது 320 எண் உப்புத்தாளால் மேடான இடங்களை மட்டும் தொடுங்கள். 60, 80 எண் கொண்ட முரட்டுத் தாள் கீறலைத்தான் தரும், தேய்மானத்தைத் தராது. மேற்பூச்சு தடித்திருந்தால் அசிட்டோன் நனைத்த துணியால் அதை முதலில் எடுத்துவிடுவது வேலையைப் பாதியாகக் குறைக்கும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம், காற்றோட்டமும் வேண்டும்.

அழுக்கு என்றால் கறுப்பு என்று எண்ணுவது அடுத்த தவறு. நம் தோட்டங்களின் மண் செம்மண். அது கறுப்பாகப் படிவதில்லை. லிட்டில் இந்தியாக் கடைகளில் கிடைக்கும் முல்தானி மிட்டியோடு கோலத்துக்கு வாங்கும் காவிப்பொடியைச் சிறிது கலந்து, மென்தூரிகையால் தையல் இடுக்குகளிலும் மடிப்புகளிலும் திணித்து, மேட்டுப் பகுதிகளைத் துணியால் துடைத்துவிட்டால், மழைக்காலச் செம்மண் சாலையில் நடந்த பையின் தோற்றம் வந்துவிடும். அக்ரிலிக் வண்ணத்தைக் கெட்டியாகப் பூசினால் வளையும் இடங்களில் செதில் செதிலாக உரியும். நன்றாக நீர்த்த பழுப்பு வண்ணத்தைப் பூசி உடனே துடைத்தெடுத்து, இதை நான்கைந்து முறை செய்வதே சரி. மேடை விளக்கு மெல்லிய வேறுபாடுகளை விழுங்கிவிடும் என்பதால் அரங்கத்துக்குச் சற்று அழுத்தமாகவும், அண்மைக் காட்சி எடுக்கும் குறும்படத்துக்கு மிக மென்மையாகவும் செய்ய வேண்டும்.

அவசரம் செய்யும் கேடு தனி. நிறத்தை வெளுக்கத் துணி வெளுக்கும் பிளீச்சை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது தோலின் புரதத்தையே தின்றுவிடும், வினிகருடன் சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயுவும் வரும். நனைத்த தோலை அடுப்பிலோ சூட்டு விசிறியிலோ காயவைப்பதும் ஆபத்து. துவர்ப்பொருளால் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கையில் ஏறத்தாழ 70 முதல் 85 பாகை செல்சியஸ் சூட்டிலேயே சுருங்கி மரக்கட்டையாகிவிடும், பிறகு அதை மீட்க வழியில்லை. நிழலில், மின்விசிறிக் காற்றில், இரண்டு மூன்று நாட்கள் காய விடுங்கள். குரோம் தோலை நெருப்பில் வாட்டுவது அறவே கூடாது, ஏனெனில் எரியும்போது அதிலுள்ள குரோமியம் உடலுக்குத் தீங்கான வடிவத்துக்கு மாறக்கூடும்.

எண்ணெயில் நம்மவர்களுக்குத் தாராள மனம். உலர்ந்த தோலுக்கு உயிர் வரட்டும் என்று தேங்காய் எண்ணெயைக் குளிப்பாட்டிவிடுகிறோம். மிகுந்த எண்ணெயால் தோல் துவண்டு தொங்கும், தூசி ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறையும் என்பதால், குளிரூட்டிய அரங்கில் வெண்படலமாகவும் தெரியலாம். தோலுக்கென்று விற்கும் எண்ணெயைத் துணியில் நனைத்து ஒரே ஒரு முறை மெல்லத் தடவினால் போதும். நம் தட்பவெப்பத்தில் ஈரப்பதம் பெரும்பாலும் உயர்ந்தே இருப்பதால், வேலை முடிந்த பொருளை நெகிழிப் பையில் கட்டி வைத்தால் சில வாரங்களில் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணிப்பையில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, காற்றுப் படும்படி வையுங்கள். பாலிஷ் கொண்டு நிறமேற்றியிருந்தால், நடிகரின் வெள்ளைச் சட்டையில் ஒட்டாதபடி மேற்பூச்சுக் கொடுத்து, ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்த பிறகே ஒப்படைக்க வேண்டும்.

ஒப்படைப்பதை அரங்கேற்றத்துக்கு முந்தைய நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே பையை நடிகரிடம் கொடுத்து, ஒத்திகை தோறும் மாட்டச் சொல்லி, அவர் அதைத் திறக்கும் கையைப் பாருங்கள். நாம் கறுப்பாக்கி வைத்த இடத்திலிருந்து அவருடைய பெருவிரல் ஓர் அங்குலம் தள்ளி விழுமானால், அந்த ஓர் அங்குலத்தையும் கறுப்பாக்கித் தருவதற்கு அப்போது நேரம் இருக்கும்.