டேக்வாண்டோ: களத்துக்கு வெளியே தோற்கும் வழிகள்

கேரளத்துச் சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் டேக்வாண்டோ (காலால் உதைத்து ஆடும் கொரியச் சண்டைக் கலை) கற்க ஒன்று பாலக்காட்டுக்குப் போகிறார்கள், இல்லையென்றால் கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை, கால் வேகத்துக்கும் குறைவில்லை. இருந்தும் பத்தாம் வகுப்பு தாண்டுவதற்குள் பலர் காணாமல் போய்விடுகிறார்கள். அதற்குக் காரணமான தவறுகளில் பெரும்பாலானவை பிள்ளைகள் செய்பவை அல்ல. அப்பா, அம்மா, மாஸ்டர் என்று கூட நிற்கும் பெரியவர்கள் செய்பவை. ஆகவே இது பெரியவர்களுக்கு.

எல்லாவற்றிலும் மோசமானது எடை விஷயம். ஒரு பிரிவு கீழே இறக்கிவிட்டால் எதிராளி சின்னவனாக இருப்பான், பதக்கம் சுலபம் என்ற கணக்கு எல்லோருக்கும் இருக்கிறது. மார்ச் மாத வெயிலில், மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு தென்னந்தோப்பு ஓரமாக ஓடுகிறான் ஒரு பதினான்கு வயதுப் பையன். முந்தின நாள் மதியத்திலிருந்து சோறு கிடையாது. கையில் காலி பாட்டில். நடுநடுவே நின்று அதில் எச்சில் துப்புகிறான், துப்புவதற்கும் வாயில் ஈரமில்லை. டி.வி.எஸ். 50-ல் மெதுவாகப் பின்தொடரும் அப்பா, "இன்னும் அரைக் கிலோதான் கண்ணு" என்கிறார். மறுநாள் எடைக்கருவி 44.9 காட்டியதும் 45 கிலோவுக்குக் கீழான கேடட் (12 முதல் 14 வயது) பிரிவில் பெயர் ஏறிவிடும். அதற்கடுத்த நாள் இரண்டாவது சுற்றில் கால் தூக்க முடியாமல் நிற்பான்.

இறங்கியது கொழுப்பல்ல, தண்ணீர். உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தின் அளவு குறைகிறது, இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது, வியர்வை வராததால் சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. 1997-ல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் இப்படி எடை குறைக்கும்போதே இறந்தார்கள். எடை பார்ப்பது போட்டிக்கு முந்தைய நாள் என்பதால் இரவோடு இரவாகத் தின்று தேற்றிவிடலாம் என்று சிலர் நினைப்பதும் முழுக்கச் செல்லாது. உலக டேக்வாண்டோ (World Taekwondo) என்ற சர்வதேச அமைப்பின் விதிப்படி போட்டியன்று காலையில் சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து மறுபடி எடை பார்ப்பார்கள். பிரிவின் உச்ச எடையைவிட 5 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் வெளியேற வேண்டியதுதான். 45 கிலோ பிரிவு என்றால் 47.25 கிலோ.

வளரும் பிள்ளையை இரண்டு மூன்று வருடம் ஒரே பிரிவில் பிடித்துவைப்பது அதைவிடக் கேடு. எலும்பு வளரும் வயதில் பட்டினி போட்டுப் பதக்கம் வாங்கினால், சீனியர் ஆகும்போது உயரமும் இருக்காது, பலமும் இருக்காது. போட்டிக்கு இரண்டு மாதம் முன்பே எடை பாருங்கள். பட்டினியில்லாமல் நிற்கும் எடை எதுவோ அதுவே அவன் பிரிவு. உலக சாம்பியன்ஷிப்பில் ஆண், பெண் இருபாலருக்கும் எட்டு எட்டுப் பிரிவுகள், ஒலிம்பிக்கில் நான்கே நான்கு. ஆண்களுக்கு 58-க்குக் கீழ் விட்டால் அடுத்தது 68-க்குக் கீழ்தான். 63 கிலோவில் நிற்பவர் எந்தப் பக்கம் போவது என்பது இருபது வயதில் யோசிக்க வேண்டிய கேள்வி. பன்னிரண்டு வயதில் அல்ல.

அடுத்தது, விதி மாறியது தெரியாமல் ஆடுவது. 2022-லிருந்து மூன்று சுற்றுகளில் இரண்டை வெல்பவரே வெற்றியாளர். முன்போல மொத்தப் புள்ளிகளைக் கூட்டுவதில்லை. ஒரு சுற்றை 10-0 என்று வென்றாலும் 1-0 என்று வென்றாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் முதல் சுற்றில் ஏழெட்டுப் புள்ளி பின்தங்கிய பிள்ளையை, ஓய்வு நேரத்தில், "அதையெல்லாம் திருப்பி எடு" என்று விரட்டும் மாஸ்டர்களை இன்றும் பார்க்கலாம். திருப்பி எடுக்க அங்கே ஒன்றுமில்லை. அடுத்த சுற்று சுழியத்திலிருந்து தொடங்குகிறது.

குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைக்கு 2, தலைக்கு 3, திரும்பி உதைத்தால் உடம்புக்கு 4, தலைக்கு 5. எல்லைக் கோட்டைத் தாண்டினாலும் கீழே விழுந்தாலும் காம்ஜம் என்ற தண்டனை. ஒவ்வொரு காம்ஜமுக்கும் எதிராளிக்கு ஒரு புள்ளி. ஒரே சுற்றில் ஐந்து வாங்கினால் சுற்றே போய்விடும். கடைசி நொடி வரை கண்ணை எடுக்கக் கூடாத ஆட்டம் இது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ இறுதிப் போட்டியில் தாய்லாந்தின் பானிபக், ஸ்பெயினின் அட்ரியானா செரேசோவை முந்தியது ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கையில்தான்: 11-10. பாரீஸிலும் அவருக்கே தங்கம்.

உதையைத் தானே உணர்ந்து புள்ளி பதியும் மின்னணுக் கவசத்தைப் பற்றி ஒரு சொல். சாதாரண மார்புக் கவசத்தில் 'டமார்' என்று ஒலிக்கும் உதை, மின்னணுக் கவசத்தில் பதியாமல் போகலாம். காலுறையில் உள்ள உணரியும் கவசமும் சரியான இடத்தில் சந்திக்க வேண்டும், எடைப் பிரிவுக்கேற்ற அழுத்தமும் வேண்டும். நம் பக்கத்து மையங்களில் அந்தக் கவசம் இருப்பது அபூர்வம். மாநிலப் போட்டியன்றுதான் முதல்முறை அதை மாட்டுகிறான் என்றால் அவனிடம் என்ன எதிர்பார்ப்பது? பொள்ளாச்சியிலோ கோவையிலோ கவசம் வைத்திருக்கும் மையத்தாரிடம் கேட்டு மாதம் ஒருமுறையாவது பழக்குங்கள். புதிய டோபாக் (ஆட்டச் சீருடை) வாங்கும் காசை அதற்குச் செலவிடலாம்.

கோபத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2000-ல் சிட்னியில் தங்கம் வென்ற கியூபாவின் ஆங்கெல் மாட்டோஸ், 2008 பெய்ஜிங்கில் காயத்துக்கான நேரம் தாண்டியதால் தோற்றதாக அறிவிக்கப்பட்டதும் நடுவரின் முகத்தில் உதைத்தார். ஆயுள் தடை. முடிவில் சந்தேகம் இருந்தால் வீடியோ மறுபரிசீலனை கேட்கும் அட்டை பயிற்சியாளரிடம் இருக்கிறது. கேலரியிலிருந்து அப்பா கத்துவதற்கு அந்த ஆட்டத்தில் இடமே கிடையாது.

காயம் பட்டால் நம் ஊரில் முதலில் தேடுவது உழிச்சல்காரரை, அதாவது எண்ணெய் தேய்த்து நீவிவிடுபவரை. உழிச்சலை நான் குறை சொல்லவில்லை. பழைய பிடிப்புக்கு அது சுகம்தான். ஆனால் உதைத்த கால் எதிராளியின் முழங்கையில் மோதிப் புறங்கால் வீங்குவது இந்த ஆட்டத்தில் அடிக்கடி நடப்பது, உள்ளே எலும்பில் விரிசல் விட்டிருக்கலாம். முழங்கால் திருகி 'டப்' என்று சத்தம் கேட்டால் தசைநார் அறுந்திருக்கலாம். வீங்கிய அன்றே எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும், உடைந்தது விலகும். முதலில் எக்ஸ்ரே, எலும்பு மருத்துவர். தலையில் உதை வாங்கித் தடுமாறிய பிள்ளையை அன்று மறுபடி களத்தில் இறக்கவே கூடாது. தலைக்கவசம் மண்டை பிளக்காமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

மருந்து விஷயத்தில் ஒரே விதி: உடம்பில் என்ன இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் வீரர்தான், கொடுத்தவர் அல்ல. எடை குறைக்கச் சிலர் விழுங்கும் ஃபுரோசமைடு மாத்திரை தடைப் பட்டியலில் உள்ளது. சளிக்குக் குடிக்கும் சிரப்பையும், என்ன சேர்ந்திருக்கிறது என்று லேபிளில் எழுதாத லேகியத்தையும் புரதப் பொடியையும் அதே கண்ணோடு பாருங்கள்.

காசும் வருடங்களும் கரைவது காகிதங்களில். 'சர்வதேச ஓபன்' என்று பேனர் கட்டி, கட்டணம் வாங்கி, வந்தவர் எல்லோருக்கும் பதக்கம் கொடுக்கும் போட்டிகள் ஏராளம். வீட்டு ஷோகேஸ் நிறையும், வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு ஒன்றும் உதவாது. இந்தியாவில் டேக்வாண்டோ பெயரில் சங்கங்கள் பல, வழக்குகளும் நடந்திருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன், அந்த ஆண்டு மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் யாருக்கு, உலக டேக்வாண்டோவின் உறுப்பினர் யார் என்று பார்த்துவிடுங்கள். கருப்பு பெல்ட்டும் அப்படியே. சியோலில் உள்ள குக்கிவோன் என்ற டேக்வாண்டோ தலைமையகத்தின் பதிவெண் இல்லாத சான்றிதழை நம்பிப் பெரிய போட்டிக்குப் போக முடியாது. பதினைந்து வயதுக்குக் கீழ் என்றால் டான் (கருப்பு பெல்ட் தரம்) கிடையாது, அதற்கு ஈடாகச் சிறுவர்களுக்குத் தரும் பூம்தான். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். வீடு கொழிஞ்சாம்பாறையில், பயிற்சி பொள்ளாச்சியில். பள்ளி விளையாட்டுப் போட்டியில் பள்ளி எந்த மாநிலத்திலோ அந்த மாநிலத்துக்குத்தான் ஆட வேண்டும். கேரளத்தில் கிடைக்கும் கிரேஸ் மார்க்கும் (தேர்வில் தரும் கூடுதல் மதிப்பெண்) அந்த வழியில் வருவது. சங்கப் போட்டிக்கு மட்டும் மாஸ்டரின் வசதிக்காகத் தமிழ்நாட்டில் பதிவு செய்துவிட்டு, பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது 'எந்த மாநிலத்துக்காக ஆடினீர்கள்' என்ற கட்டத்தில் விழிப்பவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டு வயதிலேயே ஒரு மாநிலத்தை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் எழுத்து மாறாமல் இருக்கட்டும்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலைக்குப் பதக்கத்தின் படம் போதாது, படிவம் வேண்டும். சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசிய அளவுக்கு 2, பல்கலைக்கழகத்துக்கு 3, பள்ளிப் போட்டிக்கு 4. முதலாவதில் தேசியச் சங்கச் செயலாளர், இரண்டாவதில் மாநிலச் சங்கச் செயலாளர், நான்காவதில் கல்வித் துறையின் விளையாட்டுப் பொறுப்பு அதிகாரி கையெழுத்திட வேண்டும். செயலாளர்கள் மாறுவார்கள், சங்கங்கள் உடையும். எனவே போட்டி முடிந்த அதே பருவத்தில், வெற்றிக் களிப்பில் எல்லோரும் போனை எடுக்கும்போதே, அந்தக் கையெழுத்தை வாங்கி இரண்டு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.