மட்டக்களப்பில் குடியிருக்க இடம் தேடுகிறீர்களா? மார்கழியில் போய்ப் பாருங்கள்

காணி பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆடி, ஆவணியில்தான் வருகிறார்கள். வெயில் காய்கிற காலத்தில் எந்த வளவும் மேட்டு வளவாகத்தான் தெரியும். ஆனால் மட்டக்களப்பில் வடகீழ்ப் பருவமழை ஐப்பசிக் கடைசியில் தொடங்கித் தை வரை நிற்கும். வாவி நிரம்பினால், அது கடலோடு சேருகிற முகத்துவாரத்தின் மணல்திட்டை வெட்டிவிட்ட பிறகும் தண்ணீர் வடிய நாளெடுக்கிற ஒழுங்கைகள் நகரத்தைச் சுற்றி நிறைய உண்டு. விலையும் பாடசாலையும் அதற்குப் பிறகு பேச வேண்டியவை.

இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் போங்கள். வளவுக்குள் இறங்குவதற்கு முன் வடிகான் வழியே நடந்து, அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். வாவியிலோ தோணாவிலோ (வெள்ளம் வடிகிற இயற்கை ஓடை) முடிந்தால் நல்லது. யாரோ ஒருவருடைய மதிலில் முட்டி நின்றால் அந்தத் தண்ணீர் திரும்பி வரும். மழைக்காலத்தில் போக வசதியில்லை என்றால் சுவர்கள் சொல்லும்: அடியில் ஒரு பட்டை மட்டும் புதுப் பெயின்ற், கதவு நிலையின் கீழ் நுனி உளுத்துப்போய், ஃபிரிட்ஜ் கல் அடுக்கி உயர்த்தி வைத்திருக்கும். அக்கம்பக்கத்தில் “வெள்ளம் வருமா?” என்று கேட்டால் யாரும் இல்லையென்றுதான் சொல்வார்கள். “2011 தை வெள்ளத்தில் இந்த ஒழுங்கையில் கணுக்கால் அளவா, முழங்கால் அளவா? எத்தனை நாள் நின்றது?” என்று கேளுங்கள். நாள் கணக்குத்தான் முக்கியம். ஒரு நாளில் வடிகிற முழங்கால் தண்ணீரைவிட ஒரு கிழமை நிற்கிற கணுக்கால் தண்ணீர் வீட்டை அதிகம் கெடுக்கும்.

“மண் போட்டு உயர்த்தலாம்” என்று தரகர் சொன்னால் கணக்குப் போடுங்கள். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. 10 பேர்ச் வளவை இரண்டு அடி உயர்த்த 5,445 கன அடி, அதாவது 54 கியூபுக்கு மேல் (ஒரு கியூப் 100 கன அடி) கிறவல் வேண்டும். மூன்று கியூப் ஏற்றுகிற டிப்பரில் 18 லோட். மண் இறுகி அமர்வதால் இன்னும் சில லோட் கூடும். இந்தத் தொகையைக் காணி விலையோடு சேர்த்த பிறகும் அது மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் உயர்த்தினால் பக்கத்து வளவு பள்ளமாகும். அந்த மனஸ்தாபம் வருடக்கணக்கில் நீளும்.

அடுத்தது கிணறும் மலக்குழியும். இரண்டுக்கும் இடையில் 50 அடியாவது இருக்க வேண்டும். 10 பேர்ச் சதுர வளவின் ஒரு பக்கமே ஏறக்குறைய 52 அடிதான். எல்லா வளவிலும் கிணறும் குழியும் இருக்கிற ஒழுங்கையில், உங்கள் குழியைத் தள்ளிக் கட்டினாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்குக் கிட்ட வந்துவிடும். மணல் தரையில் அந்த நீர் வடிகட்டாமலே நகரும். ஆகவே குடிக்க உன்னிச்சைக் குளத்து நீர்க்குழாய் இணைப்பு உள்ள ஒழுங்கையாகத் தேர்ந்தெடுங்கள். குழாய் வீதியில் போவது மட்டும் போதாது. அந்த வளவுக்கு மீற்றர் இருக்கிறதா என்று பாருங்கள். மாரியில் மலசலகூடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். தயங்கி, குமிழ் விட்டு மெல்ல இறங்கினால் குழி நிலத்தடி நீரில் மூழ்கிக் கிடக்கிறது. கோடையில் கிணற்று நீரைச் சவர்க்காரத்தோடு கசக்குங்கள். நுரை வராவிட்டால் உப்பு ஏறியிருக்கலாம். வாவியோரத்தில் இது சாதாரணம்.

கல்லடி, நாவலடிப் பக்கம் மழைநீர் மணலில் சீக்கிரம் இறங்கும், காற்றும் நல்லது. ஆனால் கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய நிலம் அது. 2004 மார்கழி 26 சுனாமி அந்த மண்ணுக்கு என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அப்படி ஒரு நாள் வந்தால் தப்பிப் போக எவ்வளவு நேரமாகும் என்று அறிய, வாங்குமுன் பிள்ளைகளோடு வீட்டிலிருந்து கல்லடிப் பாலம் வரை நடந்து பாருங்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் காணி மலிவு. அங்கே யானை வருகிற பாதையையும், வலையிறவுப் பாலத்தைக் கடந்து ஆஸ்பத்திரிக்கு வர ஆகும் நேரத்தையும் விசாரியுங்கள்.

வேலைக்குப் போகிற இளையவர்கள் முதல் இரண்டு வருடம் வாடகைக்கு இருப்பதே நல்லது. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வேலையென்றால் வந்தாறுமூலை நகரத்திலிருந்து வடக்கே சுமார் 16 கிலோமீற்றர். செங்கலடி, ஏறாவூர்ப் பக்கம் இருந்தால் நாளுக்கு ஒரு மணி நேரம் மிஞ்சும். போதனா வைத்தியசாலையில் இரவு முறை உள்ளவர்களுக்குக் கோட்டைமுனை, தாண்டவன்வெளி வசதி. இரவு எட்டு மணிக்குப் பஸ்ஸில் இறங்கி வீடு வரை ஒருமுறை நடந்துவிட்டு முடிவெடுங்கள். விளக்கு, நாய், வெறும் வளவு எல்லாம் அப்போதுதான் தெரியும்.

பிள்ளை உள்ளவர்கள் அவசரப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அரச பாடசாலைகளில் முதலாம் தரத்துக்கு, வீடு கிட்ட இருக்கிற பிரிவுக்குத்தான் பாதி இடங்கள். அதில் வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடம் பெயர் இருந்தால்தான் முழுப் புள்ளி. விரும்பிய பாடசாலையைவிடக் கிட்ட வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். பிள்ளைக்கு நாலு வயதாகும்போது வீடு மாறினால் காலம் போதாது. பிறந்த வருடமே மாறி, கிராம உத்தியோகத்தரிடம் பெயர்களைப் பதியுங்கள்.

கடைசியாக உறுதி, அதாவது காணிப் பத்திரம். காணிப் பதிவகத்தில் 30 வருடத் தேடுதல் நொத்தாரிசு மூலம் செய்யுங்கள். பெர்மிட் காணியை (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைச்சாத்தில் வாங்கினால் அது உங்கள் காணியாகாது. பாதை உரித்து நில அளவைப் படத்தில் இருக்க வேண்டும், வாய்ச்சொல்லில் அல்ல. நம்மூரில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதால், பல உறுதிகளில் தாய் தகப்பனின் சீவிய உருத்து, அதாவது சாகும்வரை அனுபவிக்கிற உரிமை, எழுதப்பட்டிருக்கும். மகள் கையெழுத்து வைத்தாலும் அந்த உருத்து நிற்கும். பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்களும் அதே உறுதியில் ஒப்பமிட வேண்டும். காலமாகியிருந்தால் இருவருடைய மரணச் சான்றிதழையும் பார்த்த பிறகுதான் முற்பணம்.