மனச்சோர்வுக்குப் பறவை பார்க்கிறீர்களா? பழவேற்காடு அப்புறம், முதலில் மொட்டை மாடி

மனச்சோர்வில் இருப்பவரிடம் "பறவை பாருங்க, மனசு லேசாகும்" என்று யாராவது சொல்லிவிட்டால், பெரும்பாலும் நடப்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து, பொன்னேரி வழியாகச் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரிக்குப் போய்ப் பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்கலாம் என்று திட்டம் போடுவார். அந்த ஞாயிறு படுக்கையை விட்டு எழவே முடியாது. "இதுகூட என்னால ஆகல" என்ற நினைப்பு மட்டும் மிஞ்சும். எப்படியோ போய்ச் சேர்ந்தாலும், பூநாரைகள் பல நாள் கரையிலிருந்து வெகுதூரத்தில்தான் மேயும். வெறுங்கண்ணுக்கு வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான்.

பறவை பார்ப்பதில் செய்யும் தவறுகளில், இப்படிப் பெரிய பயணத்தில் தொடங்குவதே பெரியது என்போம். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2022-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் 1,292 பேர் நாளில் பலமுறை தங்கள் மனநிலையைக் கைபேசிச் செயலியில் பதிந்தார்கள். பறவையைக் கண்ட, அல்லது அதன் குரலைக் கேட்ட வேளைகளில் மனநிலை மேம்பட்டிருந்தது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் அப்படியே. ஆனால் அந்தப் பலன் நீடித்தது அதிகபட்சம் எட்டு மணி நேரம். அப்படியானால் மாதம் ஒருமுறை போகும் பெரிய பயணத்தைவிடத் தினமும் பத்து நிமிஷம் பார்ப்பதுதான் கைகொடுக்கும். வடசென்னையில் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ இருப்பவருக்கு அந்தப் பத்து நிமிஷம் மாடியிலேயே கிடைக்கிறது.

"மனசு வரட்டும், அப்புறம் போகலாம்" என்று காத்திருப்பது அடுத்த தவறு. மனச்சோர்வில் மனசு முதலில் வராது. செய்யத் தொடங்கிய பிறகே கொஞ்சம் கொஞ்சமாக வரும். அதனால் ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையோடு இதைக் கட்டிவிடுங்கள். துணி உலர்த்த மாடி ஏறினால், வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் நில்லுங்கள். மாடி ஏற முடியாத நாளில் ஜன்னல் போதும். அதுவும் முடியாத நாளில், படுத்தபடியே காதில் விழும் குரல்களைப் பிரித்துக் கேளுங்கள். வெயில் காலத்தில் "கூஊ, கூஊ" என்று ஏறிக்கொண்டே போவது ஆண் குயில். "கிக் கிக் கிக்" என்று வேகமாகக் கத்துவது பெண் குயில்.

பறவை பார்ப்பவர்கள் எல்லாரும் அதிகாலையைத்தான் சொல்வார்கள். மனச்சோர்வு உள்ள பலருக்கு நாளிலேயே மிகக் கனமான நேரம் அதுதான். மிர்டசபின், அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளை இரவில் போடுபவர்களுக்குத் தூக்கக் கலக்கம் தெளியவே காலை எட்டு, ஒன்பது ஆகலாம். மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை பார்ப்பது எந்த வகையிலும் குறைந்ததல்ல. மைனாக்கள் மரத்தில் அடையும் சத்தம், பச்சைக்கிளிகள் கத்திக்கொண்டே கடப்பது, கொக்குகள் வரிசையாகத் திரும்புவது எல்லாம் அப்போதுதான். காசிமேடு பக்கம் இருப்பவர்கள் தலைக்கு மேலே பாருங்கள். வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாக, வால் நுனி உருண்டிருந்தால் அது செம்பருந்து. கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதுதான். உடம்பெல்லாம் பழுப்பாக, வால் நடுவில் பிளவுபட்டிருந்தால் கரும்பருந்து.

கண் பறவை மேல் இருக்க, மனசு பழைய விஷயத்தையே அரைத்துக்கொண்டிருப்பதும் உண்டு. ரெட்டேரிக் கரையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால், அந்த ஒரு மணி நேரமும் அரைக்க இடம் கொடுத்ததாக ஆகிவிடும். கண்ணுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரே ஒரு பறவை, ஐந்து நிமிஷம். குருட்டுக் கொக்கு இதற்கு அருமையானது, மடையான் என்றும் சொல்வார்கள். ஆகாயத்தாமரை ஓரத்தில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மண் நிறத்தில், இருப்பதே தெரியாமல் நிற்கும். அலகு எந்தப் பக்கம் திரும்புகிறது, கால் எப்போது எடுத்துவைக்கிறது, கழுத்து எப்போது நீள்கிறது என்று பாருங்கள். மனசு ஓடிப்போனால் திட்டாமல் அலகுக்குத் திரும்புங்கள். அது எழுந்து பறக்கும்போது, அதுவரை மறைந்திருந்த வெள்ளைச் சிறகுகள் சட்டென்று விரியும். அதே கரையில் நாமக்கோழி, நீலத்தாழைக்கோழி, நீர்க்காகம் எல்லாமே நிதானமாகப் பார்க்கக் கிடைப்பவை.

எண்ணிக்கையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரே காலையில் எழுபது இனம் பார்த்ததாகப் போடுவார். உங்கள் நோட்டில் காகம், மைனா, கொக்கு மூன்றுதான் இருக்கும். முதல் சில மாதங்களுக்கு அந்தக் குழுக்களின் அறிவிப்பை அணைத்து வையுங்கள். வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கி, மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். மே மாதம் பட்டியல் சுருங்கினால் அது பருவத்தின் கணக்கு. உங்கள் குறை எதுவும் அதில் இல்லை.

பைனாகுலர் முதலில் வேண்டாம். பிறகு வாங்கினால் 8x42 எடுங்கள், அது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். பத்து மடங்கு காட்டுவதில் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். சில மாத்திரைகளே கை நடுங்க வைக்கும். "மங்கலாத் தெரியுது" என்று பலர் மூலையில் போட்டுவிடுகிறார்கள், காரணம் சரிசெய்யாததுதான். வலக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருகி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்கக் கண்குழாயில் உள்ள வளையத்தை மட்டும் திருகுங்கள். கண்ணாடி போடுபவர்கள் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிவிட வேண்டும்.

லித்தியம் என்ற மனநல மருந்தை எடுப்பவர்கள் வெயிலில் தண்ணீரில்லாமல் அலையவே கூடாது. உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகும்.

எண்ணூர் கழிமுகத்துக்கு மனம் தாங்கும் நாளில் மட்டும் போங்கள். சாம்பல் படிந்த நீரும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் பரவிய எண்ணெய்க் கழிவில் ஊறிப்போன கூழைக்கடாக்களின் நினைவும் அங்கே இருக்கின்றன. அந்தத் துக்கம் நியாயமானது. ஆனால் ஏற்கெனவே சுமப்பவர் முதல் மாதத்திலேயே அதையும் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை.

துணைக்கு என்று பச்சைக்கிளியைக் கூண்டில் வாங்கி வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால்கனியில் தானியம் போட்டால் புறாக்கள்தான் குவியும், அவற்றின் எச்சத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அதற்குப் பதில், இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத மண் தட்டில் தண்ணீர் வையுங்கள். தினமும் கொட்டிக் கழுவி மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு முட்டையிடும்.

மிக ஆபத்தான தவறு, கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்துவது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும், குணமான பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரோடு பேசித்தான். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. தேதியும் பறவையின் பெயரும் எழுதும் அந்த நோட்டை அங்கே கொண்டுபோங்கள். இரண்டு வாரம் எதுவுமே எழுதாமல் பக்கம் காலியாகக் கிடந்தால், "நல்லாத்தான் இருக்கேன்" என்று நீங்கள் சொன்னாலும் மருத்துவருக்கு அது ஒரு தகவல்.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் வரும் நாட்களில் மாடிக்கும் ஏரிக்கரைக்கும் தனியாகப் போகாதீர்கள். அன்றைக்கு ஜன்னல் போதும், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.