உள்ளே வைக்கும் மாத்திரை: முதல் தடவை வாங்கிப் போகிறவர்களுக்கு

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மெடிக்கலில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். சீட்டை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, கடையில் ஆம்பளைகள் யாரும் இல்லாத நேரம் பார்த்து நீட்டுகிற பெண்கள் நிறையப் பேர். பிரித்தால் க்ளோட்ரிமசோல் என்று எழுதியிருக்கும். பெண்ணுறுப்பில் வரும் பூஞ்சைத் தொற்றுக்கு, விழுங்காமல் பெண்ணுறுப்புக்கு உள்ளே வைக்கிற மாத்திரை அது. மேலூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா, வேறொரு கடையில் வாங்கிய ஆறு மாத்திரையையும் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு வந்து, "அரிப்பு கொறயவே இல்லத்தா" என்றார். "ராத்திரிக்கு ஒண்ணு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கே வைப்பது என்று யாரும் வாய் திறக்கவில்லை. அந்த அக்காவுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பூஞ்சைதானா என்று தெரியவேண்டும்

கடுமையான அரிப்பு, திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாக வெள்ளைப்படுதல், சிறுநீர் படும்போது எரிச்சல், நாற்றம் அவ்வளவாக இல்லை. இப்படி இருந்தால் கேண்டிடா என்ற பூஞ்சையாக இருக்கலாம். மீன் வாடை அடித்தாலோ, மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தாலோ அது வேறு தொற்று. அதற்கு மருந்தும் வேறு.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் "உடம்புச் சூடு" என்று பெயர் வைத்துவிடுகிறோம். மோரும் நீராகாரமும் குடியுங்கள், தப்பே இல்லை. ஆனால் பூஞ்சை அதற்கெல்லாம் போகாது. முதல் தடவை என்றால் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் போதும். பெரியாஸ்பத்திரியில் மகளிர் பிரிவு இருக்கிறது. அடிவயிற்று வலி, காய்ச்சல், புண், மாதவிடாய் இல்லாத நாளில் ரத்தம் என்று எது இருந்தாலும் அன்றைக்கே போங்கள்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

நாள் தள்ளிப்போயிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். இதே பூஞ்சைக்கு வாய்வழி சாப்பிடும் ஃப்ளூகோனசோல் என்ற மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குத் தவிர்ப்பார்கள். உள்ளே வைக்கும் மருந்தையே ஏழு நாள் தருவது வழக்கம். தாய்ப்பால் கொடுப்பதையும், கல்லீரல் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம், தினம் சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டைகளை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிடாயின், சில கொழுப்பு மாத்திரைகள், இதயத்துடிப்புக்கான சில மருந்துகள் ஆகியவற்றோடு ஃப்ளூகோனசோல் சேர்ந்தால் ஆபத்து வரலாம். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். டபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை சிறுநீரோடு வெளியேறுவதால், அந்த இடத்தில் பூஞ்சை வளர வாய்ப்பு கூடும். அதற்காக நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள்; டாக்டர் முடிவு செய்யட்டும்.

உள்ளே வைப்பது எப்படி

100 மில்லிகிராம் என்றால் வழக்கமாக ஆறு அல்லது ஏழு ராத்திரி, 200 என்றால் மூன்று, 500 என்றால் ஒரே ராத்திரி. உங்கள் சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

எல்லா வேலையும் முடித்துப் படுக்கப் போகும்போது வையுங்கள். வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவ எழுந்து நடந்தால் மருந்து வழிந்துவிடும். நகத்தை வெட்டி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி, இரண்டு காலையும் கொஞ்சம் அகற்றி, ஒரு மூச்சை மெதுவாக விடுங்கள். இறுக்கமாக இருந்தால்தான் வலிக்கும். மாத்திரையை விரல் நுனியில் வைத்து, முதுகுப் பக்கமாகச் சாய்வாக, விரல் வசதியாகப் போகும் வரை உள்ளே தள்ளுங்கள். வாசலிலேயே விட்டால் வெளியே வந்துவிடும். அட்டையோடு பிளாஸ்டிக் குழல் கொடுத்திருந்தால் மாத்திரையை அதன் நுனியில் வைத்துத் தள்ளலாம். கர்ப்பிணிகள் குழலைத் தவிர்த்து விரலால் வைப்பது நல்லது.

காலையில் வெள்ளையாக மாவு மாதிரி வரும். அது கரைந்த மருந்துதான், பயப்படாதீர்கள். துணியில் படாமலிருக்க நாப்கின் வைத்துக்கொள்ளலாம். மாதவிடாய்க்கு உள்ளே வைக்கும் டாம்பன், கப் இரண்டும் வேண்டாம்.

விழுங்குகிற மாத்திரை கொடுத்திருந்தால்

ஃப்ளூகோனசோல் 150, சாதாரணத் தொற்றுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான். சாப்பாட்டுக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி. அரிப்பு அடங்க இரண்டு மூன்று நாள் ஆகலாம். மறுநாளே இன்னொன்று கேட்டு வருகிறார்கள், நான் தருவதில்லை. தலைவலி, குமட்டல் வரலாம். உடம்பெல்லாம் தடிப்பு, முக வீக்கம், மூச்சுத் திணறல், கண் மஞ்சளாவது என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நடுவில் நிறுத்தாதீர்கள்

இரண்டாம் நாளே சுகமாகிவிடும், மிச்சத்தை பீரோவில் வைத்துவிடுவார்கள். அட்டை முழுவதும் முடியவேண்டும். தேதி நெருங்கியிருந்தால் மாதவிடாய்க்கு முன்பே முடியும்படி ஆரம்பியுங்கள். மருந்து வைக்கும் நாட்களில் உடலுறவு வேண்டாம். க்ளோட்ரிமசோல் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பது பலருக்கும் தெரியாது. கணவருக்கு அரிப்போ சிவப்போ இருந்தால் அவரும் காட்டட்டும். ஒன்றும் இல்லையென்றால் வழக்கமாக அவருக்கு மருந்து தேவைப்படாது.

டெட்டால், மஞ்சள், வாசனைத் திரவம் எதையும் உள்ளே விட்டுக் கழுவாதீர்கள். படர்தாமரைக்கென்று வாங்கிய டியூபைத் தடவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு அடங்கின மாதிரி காட்டி, தோலைக் கெடுத்துவிடும்.

மருந்து முடிந்து ஒரு வாரத்திலும் குறையவில்லை, அல்லது இரண்டு மாதத்துக்குள் திரும்பி வந்துவிட்டது என்றால் பழைய சீட்டை நீட்டி அதே மருந்தை வாங்காதீர்கள். வருடத்தில் மூன்று நான்கு தடவை வந்தால் சர்க்கரை பார்க்கவேண்டும், உள்ளேயிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதிக்கவேண்டும், சிகிச்சையும் மாதக்கணக்கில் நீளலாம். பீரோவில் மிஞ்சிய அந்த அரை அட்டையை, "எனக்கு இதுலதான் கேட்டுச்சு" என்று மதினிக்கோ தங்கச்சிக்கோ கொடுக்கவும் வேண்டாம்.