அரிசி மூட்டையை ஆராதனைக்குள் கொண்டுவராதீர்கள்

போன மாதம் கம்போடியாவின் கம்போங் தோம் மாகாணத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். புதிதாக வந்திருக்கும் இளம் மிஷனரித் தம்பதியர், தூண்கள்மேல் நிற்கும் மரவீட்டின் அடியில் பாய் விரித்துக் கூட்டம் நடத்தினார்கள். பாட்டு, சாட்சி, பிரசங்கம் எல்லாம் நன்றாகவே போனது. ஆனால் பிரசங்கிக்கிற தம்பிக்குப் பின்னால் பத்து கிலோ அரிசி மூட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. வந்திருந்தவர்களின் கண்ணெல்லாம் அதன்மேல்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினான்கு வருடங்களுக்கு முன் அப்படியே அடுக்கி வைத்தவன் நான்.

அதனால்தான், கம்போடியாவுக்குப் புதிதாகப் போகிற மிஷனரிகள் செய்யக் கூடாத தவறுகளை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளின் தலையைத் தொடக் கூடாது, பெரியவர்கள் முன்னால் காலை நீட்டி உட்காரக் கூடாது என்பதையெல்லாம் எந்தப் பயிற்சியிலும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சொல் தெரிந்ததால் பொருளும் தெரியும் என்று நினைப்பது

கெமர் மொழியில் சமஸ்கிருத, பாலிச் சொற்கள் நிறைய. பாவத்துக்கு 'பாப்', புண்ணியத்துக்கு 'பொன்'. தமிழ் பேசுகிற நமக்கு உடனே பிடிபட்டதுபோல் இருக்கும். ஆபத்து அங்கேதான். 'எல்லோரும் பாவிகள்' என்று நான் பேசி முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "நான் சீலம் என்ற பௌத்த நோன்பை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து ஒரு மீனைக்கூடக் கொன்றதில்லையே, என்னை ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, மனம் நொந்து கேட்டார். நான் சொன்ன சொல் ஒன்று, அவர் காதில் விழுந்த பொருள் வேறொன்று. முதல் ஒரு வருடமாவது மொழிக்காக ஒதுக்குங்கள். பிரசங்கம் அதற்கு அப்புறம் இருக்கட்டும்.

அநாதை இல்லம் தொடங்குவது

தொடங்காதீர்கள். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் இப்படிப்பட்ட இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அங்கே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வறுமையினால் அனுப்பப்பட்ட பிள்ளைகள் அவர்கள். இல்லத்துக்குச் செலவாகிற பணத்தில் ஒரு பகுதியை அந்தத் தாய்க்குக் கொடுத்திருந்தால் பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கும்.

அரிசியும் ஆராதனையும்

என் கதையைச் சொல்கிறேன். வந்த புதிதில் உதவி நிதி கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் குடும்பத்துக்குப் பத்து கிலோ அரிசி கொடுத்தேன். முதல் வாரம் பன்னிரண்டு குடும்பங்கள். இரண்டு மாதத்தில் அறுபது. இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன், எல்லாக் கைகளும் உயர்ந்தன. அதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். என்னை அனுப்பிய சபையார் கண்ணீரோடு ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். அதைப் பார்த்து எனக்கும் சந்தேகம் வரவில்லை.

எட்டாவது மாதம் நிதி நின்றது. அடுத்த ஞாயிறு மூன்று குடும்பங்கள் வந்தன.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள், பொய்யாக வந்தவர்கள் போய்விட்டார்கள், நல்லதுதானே என்பார்கள். அந்தப் பதில் இன்றும் எனக்கு எரிச்சல் தருகிறது. போனவர்களால் எந்தக் கேடும் வரவில்லை. நான் கெடுத்தது, போகாமல் நின்ற மூன்று குடும்பங்களை.

அவர்களில் ஒரு பாட்டி இருந்தார். அங்கே பாட்டியை 'யேய்' என்பார்கள். கொடுங்கோலன் பொல் போட்டின் ஆட்சிக் காலத்தில் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். யார் தூண்டுதலும் இல்லாமல், இரவில் தனியாக ஜெபம் பண்ணக் கற்றுக்கொண்டவர். அந்த வருடம் ப்சும் பென் வந்தது. பதினைந்து நாள் முன்னோர்களுக்காகப் பௌத்த விகாரைக்குச் சோறு கொண்டுபோகிற பண்டிகை. செத்தவர்களைப் பட்டினி போடக் கூடாது என்பது அங்கே அவ்வளவு ஆழமான கடமை. யேய் அந்த வருடம் போகவில்லை. "பத்து கிலோ அரிசிக்குச் செத்துப்போன புருஷனை விற்றுவிட்டாள்" என்று கிராமம் சொன்னது. அவருடைய மூத்த மகனே சொன்னான்.

யேயின் விசுவாசம் உண்மையானது. அதை நம்புவதற்கு ஊரில் ஒருவர்கூட இல்லாமல் போனார்கள். அவருடைய சாட்சியை அரிசி மூட்டையால் மூடியவன் நான். நான் கேட்ட மன்னிப்பை அவர் அன்றே கொடுத்துவிட்டார். ஊருடைய நம்பிக்கை திரும்ப ஆறு வருடங்கள் ஆயின.

கை உயர்த்தியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. அவர்களில் ஒருவர் சொன்னார்: "லோக்குரு (ஐயா, ஆசிரியரே), நீங்கள் புண்ணியம் சேர்க்க வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தோம். கொடுப்பவருக்குத்தானே புண்ணியம்! நாங்கள் வாங்கிக்கொண்டால்தானே அது உங்களுக்குக் கிடைக்கும்? கை தூக்கச் சொன்னீர்கள், உங்கள் மனம் நோகக் கூடாது என்று தூக்கினோம்." மரியாதைக்கு உயர்ந்த கைகளை நான் மனந்திரும்புதல் என்று எண்ணிக்கையில் சேர்த்திருந்தேன்.

சட்டமும் இருக்கிறது. கம்போடிய அரசியல் சாசனம் பௌத்தத்தை அரச மதமாக வைத்து, மத சுதந்திரத்தையும் தருகிறது. ஆனால் பௌத்தம் அல்லாத மதத்தைப் பொது இடத்தில் பரப்பத் தடை உண்டு. பணமோ பொருளோ காட்டி மதம் மாறச் சொல்வதும் குற்றம். "நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே" என்று சிலர் சொல்வார்கள். பசியோடு இருக்கிறவர் முன்னால் மூட்டையை வைத்துவிட்டுப் பேசினால், அவர் 'இல்லை' என்று சொல்ல வழி எங்கே இருக்கிறது? செஞ்சிலுவை இயக்கமும் மற்ற நிவாரண அமைப்புகளும் 1994-இல் உண்டாக்கிய நடத்தை நெறியும் இதையே சொல்கிறது: ஒரு மதக் கருத்தை வளர்க்க உதவியைப் பயன்படுத்தக் கூடாது. அதை உருவாக்கியதில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் உலகத் திருச்சபைகள் மன்றமும் பங்கு பெற்றன. நம் விசுவாசத்துக்கு வெளியிலிருந்து வந்த தடை என்று அதைத் தள்ள முடியாது.

நம்முடைய தமிழ் ஊழியர் வி. எஸ். அசரியா 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் எழுந்து பேசியது நினைவுக்கு வருகிறது. ஏழைகளுக்கு அன்னதானம் செய்தீர்கள், சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-ஐ மேல்நாட்டு மிஷனரிகளின் முகத்துக்கு நேரே வாசித்ததுபோல் இருந்த பேச்சு அது. இன்று வெளிநாட்டுக்குப் போகிற மிஷனரிகள் நாம். அந்தக் கேள்வி இப்போது நம்மைப் பார்த்து நிற்கிறது.

வாங்குகிறவர்களைப் படம் எடுப்பது

வேண்டாம். உங்கள் தாய் கை நீட்டி நிற்கிற படத்தை நாலு பேருக்கு அனுப்புவீர்களா?

பத்து நாள் வந்துபோகிற குழுக்கள்

வரட்டும், பார்க்கட்டும், ஜெபிக்கட்டும். மேடை கொடுக்காதீர்கள்.

நாம்தான் தொடங்குகிறோம் என்று நினைப்பது

புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் கம்போடியாவுக்கு 1923-இலேயே வந்துவிட்டார்கள். முழு வேதாகமம் கெமர் மொழியில் 1954-இல் அச்சானது. பொல் போட் ஆட்சி நடந்த 1975 முதல் 1979 வரை அங்கிருந்த போதகர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் அல்லது நாட்டைவிட்டுத் தப்பினார்கள். 1990-இல்தான் திரும்ப வெளிப்படையாகக் கூடிவர அனுமதி கிடைத்தது. அவ்வளவையும் கடந்து நிற்கிற சபை அது. அங்கே மூப்பர்கள் இருக்கிறார்கள். எந்தக் கிராமத்துக்குப் போகலாம், எப்போது போகலாம் என்று அவர்களிடம் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் யேய்க்கு அந்த நிலை வந்திருக்காது.

அப்படியானால் கொடுக்கவே கூடாதா?

கொடுங்கள். வெள்ளம் வந்தால் கொடுக்காமல் இருக்க முடியாது. வேறொரு நாளில், வேறோர் இடத்தில், மேபூம் எனப்படும் கிராமத் தலைவர் தருகிற பட்டியலின்படி கொடுங்கள். விகாரைக்குப் போகிற குடும்பத்துக்கும் அதே அளவு. அங்கே ஜெபம், பாட்டு, பெயர்ப்பலகை எதுவும் வேண்டாம். யார் கொடுத்தது என்று கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பதியரிடம் அன்று சாயங்காலமே இதையெல்லாம் பேசினேன். தங்கை அழுதுவிட்டார். மீதியிருந்த மூட்டைகளை மறுநாள் மேபூமிடம் கொண்டுபோனோம். அவர் சொன்ன முதல் பெயர், விகாரைக்குப் பின்னால் தனியாக இருக்கும் ஒரு தாத்தாவுடையது. தம்பி மூட்டையைத் தோளில் சுமந்துபோய்ப் படியருகே இறக்கி வைத்தார்.

"நான் என்றைக்குக் கூட்டத்துக்கு வர வேண்டும்?" என்று கேட்டார் தாத்தா.

"வர வேண்டியதில்லை தாத்தா" என்றார் தம்பி. தாத்தாவுக்கு விளங்கவில்லை. இன்னொரு முறை கேட்டார்.